அக்காவின் இதயச் சுவர்

எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதினெட்டு. நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தக்காளிப் பையோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த அக்கா பதினோராவது படியில் நின்றுவிட்டாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். இன்னொரு கையால் நெஞ்சின் நடுவே அழுத்தினாள்.

“இன்னாக்கா?”

“ஒண்ணும் இல்லடி. ஈரத் துணியப் புழியற மாரி உள்ள ஒரு பிடி. நீ முன்னாடி போ.”

எங்கள் படிக்கட்டில் ஒருவரைத் தாண்டி இன்னொருவர் போக இடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். கீரைக்கட்டைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு நிமிடம் கழித்து அவளாகவே மெல்ல ஏறினாள். மாடிக்கு வந்ததும் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: காலை 8.40, அக்கா, படி 11, நெஞ்சில் இறுக்கம், சுமார் இரண்டு நிமிடம்.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மழை பெய்த நாள், கேன் தண்ணீர் வராத நாள், எதிர் வீட்டு முருங்கை முறிந்த நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். இருபத்தாறு வருடம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அத்தான் இறந்த பிறகு என்னோடு வந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிறோம்.

அக்காவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது புதிய செய்தி இல்லை. தொழிற்சாலைக்குள் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் மருத்துவ முகாமில் அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். தலை சுற்றினால் போட்டுக்கொள்வாள், சுற்றாவிட்டால் விட்டுவிடுவாள். “எனக்கு ஒண்ணும் பண்ணலயே” என்பதுதான் அவளுடைய வாதம். அந்த வருடங்களில் அவள் எங்கே எப்படி மாத்திரை போட்டாள் என்பதற்கு என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. அப்போது நாங்கள் ஒரே வீட்டில் இல்லை. என்னோடு வந்த பிறகுதான் மாத்திரை ஒழுங்காக நடக்கிறது.

டிசம்பரில் இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று நெஞ்சுப் பிடி வந்தது. வேலூருக்குப் போய் ஆஞ்சியோ எடுத்தோம். ரத்தக்குழாய்களில் அடைப்பு ஏதும் இல்லை, ஆனாலும் மூன்று வாரம் கழித்து எக்கோ எடுக்க வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டில் முதல் பாதியை மட்டும்தான் நாங்கள் படித்தோம். அக்கா மகன் போனில் கிட்டத்தட்ட கத்தினான். “சித்தி, கிளியர்னு போட்டிருக்கா? சூப்பர்! அம்மாவுக்கு கேஸ் டிரபுள்தான், நான் அப்பவே சொன்னேன்ல.” நானும் குறிப்பேட்டில் ‘இதயம் சுத்தம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எக்கோவுக்குப் போகவேயில்லை.

அதற்குப் பிறகும் அவள் படியில் நின்றாள். நான்தான் மாறிவிட்டேன். ஜனவரியில் ஒரு நாள், ஒன்பதாவது படியில் அவள் நின்றபோது பின்னாலிருந்து சொன்னேன்: “அதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களேக்கா. பயந்துக்கினே ஏறாத. மூச்ச இழுத்து விட்டு ஏறு.”

அவள் திரும்பாமலே கேட்டாள். “எனக்கு இன்னாடி ஆசையா, நெஞ்சப் புடிச்சிக்கினு வழியில நிக்க?”

அந்தக் கேள்வியை அன்று நான் எழுதிவைக்கவில்லை. எழுதாமல் விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை சர்ச்சில் நடந்த ஜெபக் கூட்டத்தில், எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்தபோது அக்கா உட்கார்ந்தே இருந்தாள். பாட்டென்றால் முதல் ஆளாக எழுந்து நிற்பவள். அருகில் போய்ப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. “பாடினா புடிக்குது” என்றாள். படிக்குப் பயப்படலாம், பாட்டுக்குப் பயந்து யாரும் உட்கார மாட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் வேலூர் போனோம். பேருந்து பள்ளிகொண்டாவைத் தாண்டியது. “நான் நம்பியிருக்கணும்” என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “பிஸ்கட் இருந்தா எடு, வயிறு காலி” என்றாள் அக்கா.

இந்த முறை எக்கோ எடுத்தார்கள். மருத்துவர் நாற்பது வயதிருக்கக்கூடிய ஒரு பெண். திரையில் ஓடும் கறுப்பு வெள்ளைப் படத்தை நிறுத்தி எங்கள் இருவரையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார்.

“இது இடது பக்க அறை. உடம்பு முழுக்க ரத்தத்தத் தள்றது இதுதான். இந்தச் சுவரப் பாருங்க. இருக்க வேண்டியதவிட ரொம்பத் தடிமன். இதயம் பெருசாயிருக்கு.”

“பெருசா இருந்தா பலந்தானே டாக்டரம்மா?” என்றாள் அக்கா.

“ஆரம்பத்துல பலம்தான். அழுத்தம் அதிகமா இருக்கற குழாய்க்குள்ள ரத்தத்தத் தள்ளணும்னா தசைக்கு வேலை ஜாஸ்தி. வேலை செய்யச் செய்ய அது தடிச்சிக்கும். மூட்டை தூக்கறவங்க தோள் மாதிரி. இருபது வருஷமா உங்க இதயம் மூட்டை தூக்கிட்டு இருக்கு. ஆனா தசை தடிச்ச அளவுக்கு அதுக்குச் சோறு போடற ரத்தக் குழாய் பெருகறதில்ல.”

அடைப்பே இல்லை என்றார்களே என்று நான் கேட்டேன். பெரிய குழாய்களில் இல்லை என்பது உண்மைதான் என்றார். ஆஞ்சியோவில் தெரிவது வெளியே ஓடும் பெரிய குழாய்கள். அவற்றிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் சுவருக்குள் இறங்கிப் போகின்றன. இந்தப் பக்கச் சுவருக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது, சுருங்கும்போது அதன் இறுக்கமே தன் கிளைகளை நசுக்கிவிடுகிறது என்றார். சுவர் தடித்து விறைத்துவிட்டால் தளர்வதும் சரியாக நடப்பதில்லை. அறைக்குள்ளே தேங்கும் அழுத்தம் உள்பக்க அடுக்கை நெருக்குகிறது. சும்மா இருக்கும்போது அந்தக் கிளைகள் தங்களால் முடிந்தமட்டும் விரிந்து எப்படியோ சமாளிக்கின்றன. படி ஏறும்போதும் பாடும்போதும் இதயம் இன்னும் கேட்கிறது, ஏற்கெனவே முழுக்க விரிந்துவிட்ட குழாய் இதற்கு மேல் எங்கே விரியும்? வேகமாகத் துடிக்கும்போது இடையில் தளரும் நேரமும் குறைந்துபோகிறது.

நான் குறித்துக்கொண்டிருந்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சொன்னாள்:

“தடிச்ச தோலுக்கு இதே பேஜார்தான். டிரம்முல எவ்ளோ நேரம் சுத்தினாலும் மருந்து மேல மட்டும் புடிக்கும். ஓரத்துல ஒரு துண்டு குறுக்க வெட்டிப் பாத்தோம்னா மருந்து புடிச்ச ரெண்டு பக்கமும் நீலமா இருக்கும், நடுவுல வெள்ளையா ஒரு கோடு ஓடும். உள்ள போவலன்னு அர்த்தம்.”

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “உங்களுக்கு நடுவுல இல்ல, உள்பக்கம். மத்தபடி கிட்டத்தட்ட அதேதான்மா.”

“அப்ப எனக்கு வலிச்சது நெஜம்.”

“நிஜம்தான்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான், “எழுதிக்கினியா? நெஜம்னு எழுதிக்க” என்றாள்.

மருத்துவர் சொன்னவற்றில் முக்கியமானது ஒன்றுதான்: அழுத்தம் இறங்க வேண்டும். திடுமென்று இறக்கவும் கூடாது, தடித்த சுவருக்கு ரத்தம் போய்ச்சேர ஓரளவு அழுத்தம் தேவை. மெல்ல இறக்கி, இறங்கிய இடத்திலேயே நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் சுவர் மேலும் தடிக்காது, மாதக்கணக்கில் கொஞ்சம் மெலியவும் கூடும். இறங்காவிட்டால் ஒரு கட்டத்தில் இதயம் களைத்துப்போகும். மாத்திரைகள் இரண்டிலிருந்து மூன்றாயின. அவற்றில் ஒன்று துடிப்பை மெதுவாக்கி, தளரும் நேரத்தை நீட்டித் தருவது. உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதச் சொல்லி என்னிடம் யாரும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. கையில் கட்டும் கருவி வாங்கினேன். காலை ஆறரை, மாலை ஆறரை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது விதி. அக்காவுக்கு நாளின் மிகக் கடினமான பத்து நிமிடங்கள் அவைதான். உப்புக்குத் தனியாக ஒரு சின்னக் கரண்டி வைத்தேன். காலையில் அன்றைய உப்பை ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுவேன். அதற்கு மேல் கிடையாது. ஊறுகாயும் கருவாடும் கீழ் வீட்டுக்குப் போய்விட்டன. அவளுடைய பழைய தொழிற்சாலைத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் காபி குடித்தால் அழுத்தம் ஏறும் என்று யாரோ போட்டிருந்தார்கள். அக்கா காபியை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக, முதல் நாள் சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் ஒரு பெரிய சொம்பு குடிக்க ஆரம்பித்தாள். மத்தியானம் வடித்த கஞ்சி ஒரு டம்ளர். “உடம்புக்குக் குளுமை” என்றாள். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. ‘காபி நிறுத்தம். நீராகாரம் ஆரம்பம்’ என்று எழுதினேன்.

பிப்ரவரி முழுக்க அழுத்தம் இறங்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்திரண்டு, நூற்று அறுபத்தாறு. மேல் எண் அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது நெஞ்சுப் பிடி.

மார்ச் முதல் வாரத்தில் அக்கா மகன் வந்து அவளை இரண்டு வாரத்துக்குப் பெங்களூர் கூட்டிப்போனான். கருவியையும் ஒரு சிறிய நோட்டையும் கொடுத்து அனுப்பினேன். அக்காவின் மருமகள் ஒழுங்காக எழுதியிருந்தாள். நல்ல பெண், நேரம்கூடப் போட்டிருந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து எண்கள் இறங்கின. பத்தாம் நாள் நூற்று நாற்பத்து நான்கு. திரும்பி வருவதற்கு முந்தின நாள் நூற்று முப்பத்தெட்டு. நெஞ்சுப் பிடி ஒரே ஒரு முறை, அதுவும் முதல் வாரத்தில்.

அவளைப் பேருந்து நிலையத்திலிருந்து நான் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அக்கா மகன் போனில் சொன்னான்: “சித்தி, நான் நேராவே கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவுக்கு இங்கதான் ஒத்துக்குது. அங்க ஒரு வாரம் ரீடிங் பாத்து அனுப்புங்க. திரும்ப ஏறிச்சின்னா, ஜூன்ல நான் அவங்கள இங்கயே கூட்டிக்கிறேன். லிஃப்ட் இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் கேட்டதில் தவறு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் செய்தது, சோற்றைப் பிசைந்து ரசம் ஊற்றி ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டதுதான். “இப்பதான் சோறு சோறா இருக்குது. அங்க மண்ணத் துண்ண மாரி. அந்தப் பொண்ணு எவ்ளோ உப்பு போட்டாலும் ஏறல போ.” அதையும் நான் எழுதிவைத்தேன். அவள் ஊரிலிருந்து வந்த முதல் நாளில் சொன்ன எல்லாவற்றையும் எழுதிவைத்தேன்.

ஆறாம் நாள் அழுத்தம் நூற்று அறுபத்து நான்கு. ஏழாம் நாள் நூற்று எழுபது.

அக்கா மகனுக்கு அதை அனுப்பவில்லை. முதல் நாள் மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றேன். அவன் கேட்டு அனுப்பியபோது, “கருவி பேட்டரி மாத்தணும், அனுப்புறேன்” என்று பதில் போட்டேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. இப்படி ஒன்பது நாள். மாணவர்களிடம் சான்றுகளை மறைக்கக் கூடாது என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். எனக்கு வேண்டியதெல்லாம் அக்கா என்னோடு இருக்க வேண்டும் என்பதுதான். என் குறிப்பேடு, என் கையெழுத்தில், அவள் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாளில் அவள் இரண்டு முறை படியில் நின்றாள்.

அதற்கு அடுத்த நாள் காலை உட்கார்ந்து ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் ஆம்பூர், ஒரு பக்கம் பெங்களூர். அனுப்புவதென்றால் முழுதாக அனுப்ப வேண்டும், எது எது வேறுபட்டது என்பதையும் சேர்த்து. மாத்திரை: இரண்டு இடத்திலும் அதே மூன்று. தூக்கம்: அங்கே குறைவு, தெருச் சத்தம். நடை: அங்கே குறைவு, லிஃப்ட். உப்பு: இங்கே நாளுக்கு என் கிண்ணத்து அளவு. அங்கே எவ்வளவு என்று மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தயங்கிக்கொண்டே சொன்னாள்: “கம்மியாதான் போடணும்னு பாத்தேன் சித்தி. அத்தை சப்புன்னு இருக்குன்னு சொன்னதால கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டேன். கோச்சிக்காதீங்க.”

அங்கே உப்பு அதிகம். இங்கே பாதிகூட இல்லை. அழுத்தமோ அங்கே இறங்கி, இங்கே ஏறுகிறது. எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பெங்களூரில் போட்ட அதிக உப்பு நாக்கில் ஏறவில்லை. இங்கே போட்ட பாதி உப்பில் சோறு சோறாக இருக்கிறது. எப்படி?

எழுந்து சமையலறைக்குப் போய், தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் போர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். ஒரு வாய்தான். தொட்டியிலேயே துப்பிவிட்டேன்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களில் கிணற்று நீரும் போர் நீரும் கரிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. குடிக்க மாட்டோம். குடிக்கக் கேன் தண்ணீர். டீக்கும் அதுதான், போர் தண்ணீரில் பால் திரிந்துவிடும். பருப்புக்கும் அதுதான், போர் தண்ணீரில் பருப்பு வேகாது. மிச்சமிருக்கும் சோறு, ரசம், புளிக்குழம்பு, காய் வேகவைப்பது எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். கொதித்த பிறகு என்ன என்று ஒரு நினைப்பு. பாத்திரம் தேய்ப்பதற்கும் சோறு வைப்பதற்கும் ஒரே குழாய். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. நாக்கு பழகிவிட்டது. நான் கரண்டியை எண்ணினேன், தண்ணீரை எண்ணவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அழுத்தம் இறங்கட்டும் என்று காபியை விட்ட அக்கா, அந்தத் தண்ணீரில் ராத்திரியெல்லாம் ஊறிய சோற்று நீரைத் தினமும் காலையில் ஒரு சொம்பு குடித்துக்கொண்டிருந்தாள். ‘நீராகாரம் ஆரம்பம்’ என்று நானே தேதி போட்டு எழுதியிருந்தேன்.

அக்கா கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை அவளிடம் நீட்டினேன்.

“குடிச்சுப் பாரு.”

“லூசாடி நீ? போர் தண்ணி.”

“இதுலதான் தெனம் சமைக்கிறோம். நீ காலைல சொம்பு சொம்பா குடிக்கிறது இதுதான்.”

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவதைப் பல வருடம் பார்த்தவள். “அடக் கடவுளே” என்று மட்டும் சொன்னாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, “என்னத் தோலு மாரி நல்லா பதம் போட்டு வெச்சிருக்க” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, ஒன்பது நாளாக அவள் மகனுக்கு ரீடிங் அனுப்பாமல் இருந்ததைச் சொன்னேன். பேட்டரிப் பொய்யையும் சொன்னேன். அவள் பூண்டுத்தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

“ஏன்டி அப்பிடிப் பண்ண?”

“கூட்டிக்கினு போய்டுவான்னு.”

“பயந்துட்டியா?”

“ஆமா.”

இன்னொரு பூண்டை எடுத்து உரித்தாள். “எனக்கும் பயம்தான். அதான் ரெண்டு வாட்டி புடிச்சத உன்கிட்ட சொல்லல.” அப்படியென்றால் அந்த ஒன்பது நாளில் இரண்டு முறை என்று நான் எழுதியது தவறு, நான்கு முறை. திருத்தி எழுதினேன். அவள் உரித்து முடிக்கும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியமே எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். தாமதத்தின் காரணத்தையும் எழுதினேன். அவன் பதிலில் என் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “டாக்டர் கிட்ட கேளுங்க சித்தி. நான் ஜூன்ல வர்றேன்” என்று மட்டும் இருந்தது.

மருத்துவர் நான் கோடு போட்ட தாளை முழுக்கப் படித்தார். “தண்ணி மட்டும்தான் காரணம்னு நான் எழுதித் தர மாட்டேன். அங்க படி இல்ல, வேலை இல்ல, அதுவும் இருக்கும். ஆனா நீங்க சொல்றது நியாயமான சந்தேகம். சமையலுக்கு முழுக்க நல்ல தண்ணிக்கு மாத்துங்க. அந்த நீராகாரம் வேணாம். மாத்திரைய நான் தொடல. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.” எனக்கு அவரை அப்போது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஏப்ரலிலிருந்து கேன் தண்ணீரில் சோறு. முதல் வாரம் அக்கா சாப்பிடும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். “பெங்களூருக்குப் போவாமலே பெங்களூர் சோறு” என்றாள். இரண்டாம் வாரத்தில் எண்கள் அசைந்தன. ஏப்ரல் முடிவில் நூற்று ஐம்பது. மே இரண்டாம் வாரம் நூற்று நாற்பத்திரண்டு. அதற்குக் கீழே போகவில்லை. நெஞ்சுப் பிடி மே மாதத்தில் இரண்டு முறை வந்தது. வெயிலில் நடந்தபோது ஒன்று, கீழ் வீட்டு அம்மாவோடு வாய்ச்சண்டை போட்டபோது ஒன்று. பாட்டுக்கு எழுந்து நிற்க ஆரம்பித்தாள். கடைசிச் சரணத்துக்கு முன் உட்கார்ந்துவிடுவாள்.

ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, சொன்னபடி அக்கா மகன் வந்தான். காரின் பின்சீட்டை மடித்துவைத்து, அக்காவின் சாமான்களுக்கு இடம் செய்துகொண்டு வந்திருந்தான். சாப்பிட்ட பிறகு குறிப்பேட்டைக் கேட்டான். கொடுத்தேன். நவம்பரிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ‘இதயம் சுத்தம்’ என்ற பக்கத்தில் நின்றான்.

“இதுல என் பங்கும் இருக்கு. கேஸ்னு சொன்னது நான்தான்.”

“எல்லாரும்தான் சொன்னீங்க” என்றாள் அக்கா. “நீ படி.”

கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தான். “சித்தி, எறங்கியிருக்கு, சரி. ஆனா அங்க நூத்து முப்பத்தெட்டு வந்துச்சு. இங்க நாப்பத்திரண்டுலயே நிக்குது. அங்க வந்தா இன்னும் நல்லா இருக்கும்ல? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேக்கறேன்.”

அந்தக் கேள்வியை அவன் கேட்பான் என்று எனக்குத் தெரியும். பதிலை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். தடித்த சுவர் மெலிய மாதங்கள் ஆகும் என்பதையும், அதுவரை ஒவ்வொரு நாளும் அதன் உள்ளடுக்குக்கு ரத்தம் போய்ச்சேர வேண்டும் என்பதையும் ஒரு நாளைக்கு எத்தனை முறை நினைக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

“ஆமாம்பா” என்றேன். “லிஃப்ட் இருக்கு. தண்ணி நல்லா இருக்கு. ஆஸ்பத்திரி பக்கம். அங்க இருந்தா இன்னும் கொஞ்சம் எறங்கலாம். கூட்டிக்கினு போ.”

அக்கா எழுந்து நின்றாள்.

“யாருடி நீ என்னத் தூக்கிக் குடுக்க? ஒன்பது நாள் பொய் சொல்லி வெச்சிக்கினியே, அப்ப இருந்த ரோஷம் இப்ப எங்க போச்சு?”

“அக்கா, உன் நெஞ்சு—”

“என் நெஞ்சு எனக்குத் தெரியும். புடிச்சா நிக்கிறேன், வுட்டா போறேன்.” மகன் பக்கம் திரும்பினாள். “டேய், அங்க எல்லாம் இருக்குதுடா. காலைல எட்டு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் போனா ராத்திரி எட்டு மணிக்கு வர்றீங்க. பன்னெண்டு மணி நேரம் நான் யார்கிட்ட பேசறது? லிஃப்ட்டுகிட்டயா? ரெண்டு வாரம் வாயத் தொறக்காம இருந்தேன். அதான் அழுத்தம் எறங்கிச்சோ இன்னாவோ.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு அவனுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க குறிப்பேட்டை மூடித் திறந்தான்.

“சிரிக்காத. நான் ஒண்ணும் சும்மா அடம் புடிக்கல. ஆகஸ்ட்ல எக்கோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. செவுரு இன்னும் தடிச்சிருந்திச்சின்னா நானே மூட்ட கட்டிக்கினு வர்றேன், இவ அழுதாலும் சரி. தடிக்கலன்னா இங்கதான். ஒத்துக்கிறியா?”

“எழுதிக் குடும்மா” என்றான் அவன்.

“உங்க சித்தி எழுதுவா.”

எழுதினேன். தேதி போட்டேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம், அக்கா முதலில். பின்சீட்டு மடித்த காரில் அவன் ஞாயிற்றுக்கிழமை மாலை தனியாகத் திரும்பிப் போனான். ஆகஸ்ட் மாதத்து எக்கோவுக்கு அவனே வந்து எங்களை வேலூர் கூட்டிப்போகப் போகிறான்.

இதை எழுதும்போது ஜூலை பாதி முடிந்திருக்கிறது. இன்று காலை நூற்று நாற்பது. சுவர் என்ன ஆயிற்று என்று எங்கள் யாருக்கும் இன்னும் தெரியாது. அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். நான்கு துணிக்கு ஒரு முறை நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது புதிய விதி. உட்காருகிறாளா என்று பார்க்க நான் எழுந்து போகிறேன்.